கிளினிக் கொப்பிக்கு வெளியே ஒரு டொக்டர்

பெரியம்மாவின் மருத்துவக் கணக்கை நான் எழுதத் தொடங்கியதற்கு ஒரு குடும்பச் சண்டைதான் காரணம். 2022 கடைசியில் அண்ணா, "அம்மாவின்ர ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க என்ர தலையில" என்றார். கனடாவில் இருக்கும் அக்கா போனில், "இலவச ஆஸ்பத்திரிக்குப் போய்வர என்னடா செலவு?" என்று கேட்டுவிட்டார். அதன்பிறகு இரண்டு பேரும் ஒரு மாதம் கதைக்கவில்லை. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவன் என்பதால் வழக்கு என்னிடம் வந்தது. ஒரு சீஆர் கொப்பி வாங்கி, 2023 தை முதலாம் திகதியிலிருந்து எழுதினேன். அக்கா குத்தலாகத்தான் கேட்டார். ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி.

2024 தையில் அக்கா பெரியம்மாவுக்கு ஒரு ஸ்மார்ட் போன் அனுப்பினார். டொக்டரோடு வீடியோவில் கதைக்கும் செயலி ஒன்று அதில் இருந்தது. நேரம் எடுப்பதும் காசு கட்டுவதும் கனடாவிலிருந்து அக்கா. இங்கே பெரியம்மா போனைப் பிடித்துக்கொண்டு இருந்தால் போதும். இப்படியாக என் கொப்பியில் இரண்டு முழு வருடங்கள் அடுத்தடுத்து விழுந்துவிட்டன. செயலி இல்லாத 2023, செயலி வந்த 2024. ஒரே ஒரு ஆளின் கணக்கை வைத்து இலங்கையின் வன்னி முழுவதற்கும் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் தொலைமருத்துவம் ஆஸ்பத்திரி அலைச்சலைக் குறைக்கும், செலவைக் குறைக்கும் என்று சொல்கிறவர்கள் இந்தக் கொப்பியை ஒருக்கால் புரட்டிப் பார்க்கலாம். பெரியம்மாவின் சம்மதத்தோடு, ஊர் பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

ஆளும் இடமும்

பெரியம்மாவுக்கு 63 வயது. முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் இரண்டு ஏக்கர் வயல். பத்து வருடத்துக்கு மேலாகச் சீனி வருத்தம், கூடவே பிரஷர். 2009 யுத்தத்தில் விழுந்த செல்லின் (எறிகணையின்) இரண்டு துண்டுகள் வலது தொடையில் இன்னும் நிற்கின்றன. செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாமில் இருந்தபோது பார்த்த டொக்டர் ஒருவர், "கிடக்கட்டும் அம்மா, தோண்டினால்தான் கரைச்சல்" என்றாராம். இந்தத் துண்டுகள் பின்னால் கணக்கில் வரும்.

மாதம் ஒரு தடவை முல்லைத்தீவுக்குக் கிளினிக். வீட்டிலிருந்து முப்பது கிலோமீற்றருக்கு மேல். விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட வேண்டும். அந்த நேரத்தில் குளத்து வீதியில் யானை நிற்கும் என்பதால் பெரியம்மாவைத் தனிய விடமுடியாது. அண்ணா மோட்டார் சைக்கிளில் ஒட்டுசுட்டான் சந்திவரை கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டு மேசன் வேலைக்குப் போவார். இரத்தச் சோதனை உள்ள நாளில், அல்லது பெரியம்மாவுக்குத் தலைசுற்றும் நாளில், கூடவே போவார். அன்றைய கூலி போகும். அங்கே நம்பர் எடுத்து, விரலில் குத்திச் சீனி பார்த்து, டொக்டருக்கு முன்னால் இருப்பது ஐந்து நிமிடம். மருந்து வரிசையில் நிற்பது ஒரு மணித்தியாலம். வீடு திரும்ப இரண்டு, மூன்று மணி ஆகும். டொக்டருக்கும் மருந்துக்கும் ஒரு சதம் கட்டத் தேவையில்லை.

2023 முடிந்தபோது கொப்பி சொன்னது இது. கிளினிக் 12 தடவை. காய்ச்சல், இருமல் என்று கிட்ட உள்ள ஆஸ்பத்திரியின் ஓபிடிக்கு (வெளிநோயாளர் பிரிவுக்கு) 5 தடவை. வவுனியாவில் சனல் பண்ணி, அதாவது தனியாரில் காசு கட்டி நேரம் எடுத்து, டொக்டர் பார்த்தது 2 தடவை. காலில் சின்னக் காயம் ஒன்றைக் கவனிக்காமல் விட்டு, அது புண்ணாகி, வார்டில் 6 நாள். பஸ், பெற்றோல், ஓட்டோ, வழியில் சாப்பாடு எல்லாம் சேர்ந்து 41,000 ரூபா. அண்ணாவுக்கு 11 நாள் வேலை கெட்டது. நாளுக்கு 3,500 என்று போட்டால் 38,500. கிளினிக்கில் இல்லாத மருந்தை வெளியே வாங்கியதும் தனியார் லாப் சோதனைகளும் 22,000. சனல் காசு 6,000. மொத்தம் 107,500.

கொப்பியைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். இலவச ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த செலவில் முக்கால் பங்கு வீதிக்கும் கெட்ட கூலிக்கும் போயிருந்தது. அக்கா அன்று இரவு அண்ணாவுக்குப் போன் எடுத்தார். செயலி யோசனை அந்த அழைப்பில்தான் பிறந்தது, அதுவும் சரியான யோசனைதான். செலவு வீதியில் இருக்கிறதென்றால் வீதியை வெட்டுவோம்.

பதினாலு அழைப்புகள்

2024இல் பெரியம்மா 14 தடவை போனில் டொக்டர் பார்த்தார். ஒவ்வொன்றும் 2,000 ரூபா. சிக்னல் வீட்டுக்குள் நில்லாது. கிணற்றடியில், தென்னைக்குக் கீழே கதிரை போட்டு இருப்பார். முதல் இரண்டு தடவையும் நல்ல சேலை உடுத்திக்கொண்டு இருந்தார். மூன்றாவதிலிருந்து அது கைவிடப்பட்டது.

ஒவ்வொரு அழைப்பும் முடிய நான் ஒரே கேள்வியைக் கேட்டு எழுதினேன்: "பெரியம்மா, போன் இல்லாட்டி இண்டைக்கு என்ன செய்திருப்பீங்கள்?" நான்கு தடவை, "ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பன்" என்றார். மூன்று தடவை போன் டொக்டரே, "இதை நேரில் காட்டுங்கோ" என்று அனுப்பிவிட்டார். மீதி ஏழுக்கும் பதில் கிட்டத்தட்ட ஒன்றுதான்: "என்ன செய்யிறது, கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சிட்டுப் படுத்திருப்பன்."

ஆக, பாதி அழைப்புகள் எந்த ஆஸ்பத்திரிப் பயணத்தையும் மிச்சப்படுத்தவில்லை. அவை புதிதாக முளைத்தவை. இது எங்கள் வீட்டுப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். ஆனால் அமெரிக்காவில் கலிபோர்னியா அரச ஊழியர்களின் காப்புறுதிக் கணக்குகளை வைத்து 2017இல் ஹெல்த் அஃபயர்ஸ் இதழில் வந்த ஆய்வு ஒன்றும் இதையே, எங்களுடையதை விடக் கடுமையாகச் சொல்கிறது. இருமல், தடிமன் போன்ற சுவாச நோய்களுக்கு வந்த தொலைமருத்துவ அழைப்புகளில் 12 வீதம் மட்டுமே நேரில் பார்த்திருக்கக்கூடிய ஒன்றுக்குப் பதிலாக வந்தவை. 88 வீதம் புதியவை. அழைப்பு மலிவு என்றாலும் எண்ணிக்கை கூடியதால், பாவித்தவர் ஒருவருக்கு வருடத்துக்கு 45 டொலர் செலவு ஏறியிருந்தது.

எல்லா ஆய்வும் அப்படி வரவில்லை. இஸ்ரேலில் 2020 முடக்கத்தோடு தொலைமருத்துவம் பரவிய காலத்தை ஆராய்ந்தவர்கள், முதல்நிலை மருத்துவரிடம் போவது 3.5 வீதம் கூடியதையும், ஒவ்வொரு நோய்க்கும் ஆன செலவு 5 வீதம் குறைந்ததையும் கண்டார்கள். அமெரிக்காவின் முதியோர் காப்புறுதியான மெடிகெயார் பற்றி 2024இல் வந்த ஆய்வு இன்னொரு மாதிரி. தொலைமருத்துவம் அதிகம் புழங்கிய மருத்துவமனைக் குழுமங்களின் நோயாளர்கள் டொக்டரைப் பார்ப்பது 2.2 வீதம் கூடியது. அவசரப் பிரிவுக்கு ஓடுவது 2.7 வீதம் குறைந்தது, சீனி வருத்தத்துக்கான மெட்ஃபோமின் போன்ற மருந்துகளை ஒழுங்காக எடுப்பது கூடியது, செலவும் 1.6 வீதம் கூடியது. எண்ணிக்கை மூன்றிலும் ஏறுகிறது, காசு மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது. இதில் எனக்கு வியப்பில்லை. கடை கிட்ட வந்தால் சாமான் வாங்குவது கூடும் என்று கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்த எவனுக்கும் தெரியும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். காப்புறுதிக் கணக்கில் பஸ் காசும் கெட்ட கூலியும் இருக்காது. எங்கள் கொப்பியிலோ பெரிய பகுதி அதுதான்.

கால் காயம், 2,000 ரூபா

பயணத்தை மிச்சப்படுத்தாத அழைப்பு எல்லாம் வீண் என்றும் சொல்ல மாட்டேன். ஆனியில் பெரியம்மாவின் இடது பெருவிரலில் செருப்பு கடித்துச் சின்னதாக ஒரு கொப்புளம். போன வருடத்துக் காயமும் இப்படித்தான் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால் "இதுக்கெல்லாம் போறதே" என்பார். கனடாவிலிருந்து அக்கா அழைப்பு எடுத்துக் கொடுத்தார். டொக்டர், போனைக் காலுக்குக் கிட்டப் பிடிக்கச் சொன்னார், விரலை அழுத்திப் பார்க்கச் சொன்னார், கடைசியாக, "நாளைக்கு இல்லை அம்மா, இண்டைக்குப் போங்கோ" என்றார். அண்ணா அன்றே கொண்டுபோனார். கழுவிக் கட்டி, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பத்து நாளில் ஆறியது. அதே மாதிரி ஒரு காயத்துக்கு 2023இல் வார்டில் ஆறு நாள். கொப்பி முழுவதிலும் மிக நன்றாகச் செலவான இரண்டாயிரம் இது.

சீனி வருத்தக்காரரின் கால், பிரஷர் அளவு, மாத்திரை ஒழுங்கு என்று கண்ணால் பார்த்தும் இலக்கம் கேட்டும் முடிவெடுக்கக்கூடிய விடயங்களுக்கு வீடியோ நன்றாக உதவுகிறது. பாம்புக்கடி, நெஞ்சுவலி, மூச்சுமுட்டு என்றால் செயலியைத் திறந்துகொண்டு இருக்கக்கூடாது. 1990 அம்புலன்ஸ் இலக்கத்தை அடிக்க வேண்டும். வயல் வெட்டும் காலத்தில் புடையன் கடித்தவனை வைத்துக்கொண்டு யாரும் நேரம் எடுத்துக் காத்திருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

துண்டு இரண்டு வகை

ஏழு புதிய அழைப்புகளில் இரண்டு எங்களை நன்றாக அலைக்கழித்தன.

முதலாவது இடுப்பு நோ. வயல் விதைப்புக்குப் பிறகு பெரியம்மாவுக்கு இடுப்பிலிருந்து கால்வரை இழுத்தது. செயலியில் வந்த விசேட வைத்தியர் அன்பாகத்தான் கதைத்தார். எம்ஆர்ஐ ஒன்று எடுத்துவிட்டு வரச் சொன்னார். ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம், அங்கிருந்து ஏ9 வீதியால் யாழ்ப்பாணம். நூறு கிலோமீற்றருக்கு மேல், இரண்டு பஸ். தனியார் இடமொன்றில் படிவம் நிரப்பும்போது உடம்பில் உலோகம் ஏதும் உண்டா என்று பிள்ளை ஒருத்தி கேட்டாள். "செல் துண்டு ரெண்டு நிக்குது மகள்," என்றார் பெரியம்மா. அவ்வளவுதான், படிவம் மூடப்பட்டது. பெரிய காந்தத்துக்குள் இரும்புத் துண்டு நகரலாம், சூடேறலாம் என்பதால் அவர்கள் தயங்கியது நியாயம். எக்ஸ்ரே ஒன்று எடுத்து, அங்கேயே ஒரு டொக்டரைச் சனல் பண்ணிக் காட்டி, மாத்திரையோடு இரவு திரும்பினார்கள்.

நேரில் பார்க்கும் டொக்டர் என்றால் சேலையை ஒதுக்கச் சொன்னதும் தழும்பைக் கண்டு கேட்டிருப்பார். வன்னியில் வேலை செய்த எந்த டொக்டரும் தழும்பைக் காணாமலே கேட்பார். எங்கோ தூரத்தில் இருந்து போனில் முகம் மட்டும் பார்க்கிறவருக்கு இங்கே எத்தனை பேர் உடம்பில் இரும்போடு நடக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்?

இரண்டாவது அழைப்பு இதைவிடப் பயங்கரம். ஆவணியில் சீனி கூடியிருக்கிறது என்று அழைப்பு எடுத்தோம். டொக்டர் மருந்துத் துண்டு ஒன்றைப் போனுக்கு அனுப்பினார். அண்ணா அதைப் பாமசியில் காட்டி வாங்கிவந்தார். பெட்டியில் இருந்த பெயர் புதுப் பெயர், ஆகவே பெரியம்மாவுக்கு அது புது மருந்து. கிளினிக் மாத்திரையையும் விடவில்லை. கிளினிக்கில் கொடுத்தது கிளிக்லசைட். பாமசிப் பெட்டியில் இருந்தது கிளிமெபிரைட்டும் மெட்ஃபோமினும் சேர்ந்தது. கிளிக்லசைட்டும் கிளிமெபிரைட்டும் ஒரே குடும்பத்து மருந்துகள், கணையத்தை உந்தி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. நான்காவது இரவு பெரியம்மா வேர்த்து நனைந்து, சம்பந்தமில்லாமல் கதைக்கத் தொடங்கினார். அண்ணியின் கெட்டித்தனம், உடனே சீனித் தண்ணீர் பருக்கினார். 1990 வந்தது. 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018இலிருந்து வடக்குக்கும் வந்த அந்த இலவச அம்புலன்ஸ் இல்லாவிட்டால் அன்றிரவு என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க விருப்பமில்லை. வார்டில் 2 நாள்.

யாரைக் குறை சொல்வது? போன் டொக்டர், "வேறு என்ன மருந்து எடுக்கிறீங்கள்?" என்று கேட்டாராம். "வெள்ளைக் குளிசை ஒண்டும் பாதிக் குளிசை ஒண்டும்" என்று பெரியம்மா சொன்னாராம். கிளினிக் கொப்பி அலுமாரிக்குள் இருந்தது. அந்தக் கொப்பியில்தான் எல்லாம் இருக்கிறது: மருந்துப் பெயர், அளவு, மூன்று வருடத்துச் சீனி இலக்கங்கள், "செல் துண்டு உண்டு" என்று யாரோ ஒரு டொக்டர் சிவப்பு மையில் எழுதியதும்கூட. இரண்டு விபத்துக்கும் மருந்து ஒரே கொப்பிக்குள் கிடந்தது, அதை எடுத்துக் கமராவுக்கு முன்னால் காட்ட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நானும் அதில் சேர்த்தி.

2024இன் கணக்கு

கிளினிக் 12லிருந்து 9 ஆனது. ஓபிடி 5லிருந்து 2. சனல் 2லிருந்து 3. வார்ட் நாட்கள் 6லிருந்து 2. வீதிச் செலவு 27,000. அண்ணாவின் கெட்ட வேலைநாள் 6, அதாவது 21,000. வீதியிலும் கூலியிலும் 31,500 மிச்சம். அந்த மிச்சத்தை அழைப்புக் காசு 28,000 ஏறக்குறைய முழுதாக விழுங்கிவிட்டது. சனலுக்கு 9,000. மருந்தும் சோதனையும் 22,000லிருந்து 71,000. மொத்தம் 156,000. முதல் வருடத்தை விட 48,500 கூட.

71,000 எங்கிருந்து வந்தது என்று துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தேன். 50,000க்கு மேல் அந்த ஏழு புதிய அழைப்புகளின் வால். கிளினிக் டொக்டர் எழுதும் துண்டு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இலவசமாகும். செயலி டொக்டர் எழுதும் துண்டுக்குப் பாமசியில் காசு. அவர் எழுதும் சோதனைக்குத் தனியார் லாபில் காசு. வாயிலிருந்து வரும் ஆலோசனை ஒன்றாக இருக்கலாம், துண்டு போகும் கவுண்டர் வேறு. இலங்கையில் மொத்த மருத்துவச் செலவில் ஏறக்குறைய பாதி மக்களின் சொந்தக் கையிலிருந்து போகிறது என்பது பலருக்குப் புதினமாக இருக்கும். இலவச ஆஸ்பத்திரிக்குள் எவரும் காசு கட்டுவதில்லை. அந்தப் பாதி பெரும்பாலும் சனலிலும் பாமசியிலும் லாபிலும்தான் போகிறது, எங்கள் செயலியும் எங்களை அந்தப் பக்கமே தள்ளியது.

ஆனால் யாருடைய காசு என்று பார்த்தால் கதை மாறும். 2023இன் 107,500ம் அண்ணாவுடையது. 2024இல் அண்ணாவின் பங்கு வீதியும் கூலியும் மட்டும், 48,000. பாதிக்கும் கீழே. மிச்சம் 108,000 அக்காவின் கார்டில் போனது. அண்ணாவைக் கேட்டால் தொலைமருத்துவம் செலவைக் குறைத்தது என்பார். அக்காவைக் கேட்டால் சிரிப்பார்.

கிளினிக் 9 ஆனதை நான் இலாபமாக எழுதவில்லை. பெரியம்மா மூன்று மாதம் கிளினிக்கைத் தவறவிட்டார். "போன் டொக்டர் பார்த்தவர்தானே" என்று. அந்த மூன்று மாதமும் இலவச மருந்து கிடைக்கவில்லை, காசுக்கு வாங்கினோம். கிளினிக்குக்குப் போவது டொக்டரைப் பார்க்க மட்டும் என்றால் போன் அந்தப் பயணத்தை மிச்சப்படுத்தும். எங்கள் ஆட்கள் போவது மருந்துப் பைக்கு. 2020 ஊரடங்கில் கிளினிக் நோயாளரின் மருந்தைச் சுகாதார அமைச்சும் தபால் திணைக்களமும் சேர்ந்து வீட்டுக்கு அனுப்பின. அப்போது வீடியோவும் இல்லை, செயலியும் இல்லை. தபால்காரர் பையோடு படலையில் வந்து நின்றார், பெரியம்மாவுக்கு அந்த மாதப் பயணம் இல்லாமல் போனது.

வீடியோவையும் வேறு மாதிரி நடத்தலாம். இந்திய அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியில் ஒரு பகுதி அப்படி ஓடுகிறது. கிராமத்துச் சுகாதார நிலையத்தில் நோயாளி இருக்க, அங்குள்ள ஊழியர் திரையில் தூரத்து டொக்டரை இணைக்கிறார், ஆலோசனைக்குக் காசில்லை. 2023 தொடக்கத்திலேயே அது பத்துக் கோடி ஆலோசனைகளைத் தாண்டியது. தமிழ்நாட்டில் அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்களும் அப்படி. பயிற்சி பெற்ற ஒருவர் கண்ணை நேரில் பார்க்கிறார், டொக்டர் திரையில் பார்க்கிறார், கண்ணாடி தேவையென்றால் அங்கேயே கிடைக்கிறது. இரண்டிலும் நோயாளிக்குப் பக்கத்தில் கை தெரிந்த ஒருவர் இருக்கிறார். கிணற்றடியில் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தது தென்னை மரம்.

அதற்குப் பிறகு

வார்டால் வந்த கிழமையே கிளினிக் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து போனில் தனியாகப் போட்டோம். அழைப்பு எடுத்தால் முதலில் அது போகும். மருந்துப் பெட்டிகளில் அண்ணியின் கையெழுத்தில் மருந்தின் உண்மைப் பெயர் ஒட்டியிருக்கிறது. போன் டொக்டர் எழுதும் எதையும் வாங்க முதல் கிளினிக்கில் காட்டுவது என்று வைத்துக்கொண்டோம். முதல் தடவை காட்டியபோது கிளினிக் டொக்டர் துண்டைப் பார்த்துவிட்டு, "இது இஞ்சயே இருக்கு அம்மா" என்று அதே மருந்தை எழுதிக் கொடுத்தார்.

2025இன் முதல் ஆறு மாதத்தில் கிளினிக் ஆறுக்கு ஆறு. அழைப்பு மூன்று, அதில் இரண்டு கால் பார்க்க.

அக்காவுக்குத்தான் மனம் ஆறவில்லை. அழைப்புக் குறைந்ததும், "அப்ப நான் அம்மாவுக்கு என்னத்தைச் செய்யிறது?" என்று என்னிடம் கேட்டார். கொப்பியின் முதல் வருடத்தைத் திரும்பப் பார்க்கச் சொன்னேன். இப்போது கிளினிக் நாளில் விடிய ஐந்து மணிக்கு அக்காவின் காசில் ஓட்டோ ஒன்று படலைக்கு வருகிறது. அண்ணா வேலைக்குப் போகிறார். சந்திவரை போதும், அங்கிருந்து பஸ்ஸில் போகிறேன் என்று பெரியம்மா ஒவ்வொரு மாதமும் ஓட்டோக்காரத் தம்பியோடு வாதாடுகிறார்.